உத்தரவுப்படி, ஆம்ப்ரோஸ் வின்ஃப்ரி

என் தம்பி ஆம்ப்ரோஸ் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டான் என்பது எங்கள் ஊரில் பெருமையாகப் பேசப்பட்ட விஷயம். வடக்கோடு நாலு வருஷம் சண்டை போட்டுத் தோற்றுப்போன ஊர் பெருமைப்பட வேறு என்ன மிச்சம் இருந்தது? புகையிலைக் கிடங்கு எரிந்துவிட்டது. ஆற்றுப் பாலம் எரிந்துவிட்டது. நீதிமன்றக் கூரைமேல் வடக்கத்தி யாங்கிகளின் கொடி பறந்தது. ஊர் ஆண்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை, வந்தவர்களில் பாதிப் பேர் முழுசாக வரவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் மட்டும், "அந்தக் கொடிக்குக் கீழ் செல்லுபடியாகிற எதிலும் என் பெயர் இருக்காது" என்று நிமிர்ந்து நிற்கிறான் என்றால் சும்மாவா?

ஆம்ப்ரோஸ் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊர்தான் அவனுக்காகச் சொல்லிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், "மேஜர் வின்ஃப்ரி ஒருத்தர்தாம்மா இன்னும் பணியல" என்று யாராவது சொல்வார்கள். நான் காது குளிரக் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி தொப்பி நாடாவைச் சரிசெய்துகொள்வேன்.

வீட்டில் அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது நான். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பத்திரத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். கோவேறு கழுதை வாங்கியதற்கும் நான்தான். புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டில் சாப்பிடுகிற அக்கா, கையெழுத்தாவது போடட்டுமே. எங்களிடம் அடிமையாக இருந்து விடுதலையாகிப் போன டார்கஸ்கூட ஒருமுறை ஏதோ காகிதத்தோடு பின்வாசலுக்கு வந்தாள். "நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல டார்கஸ்" என்றான் ஆம்ப்ரோஸ். அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். என்ன காகிதம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், என் தம்பியைச் சண்டைக்குக் கூட்டிப்போனதே அவன் கையெழுத்துதான். அவன் அகாடமியில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவன். துப்பாக்கி பிடித்தால் முதலில் தன் காலைத்தான் சுட்டுக்கொள்வான். ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஜெனரல் ஹோல்காம் என்று ஒருவர் இருந்தார். குதிரை ஓட்டத் தெரியும், கெட்ட வார்த்தை தெரியும், இரண்டு வரி சேர்ந்தாற்போல் எழுதத் தெரியாது. அவர் ஆம்ப்ரோஸைத் தன் துணை அட்ஜுடன்ட்டாக, அதாவது உத்தரவு எழுதும் அதிகாரியாக, வைத்துக்கொண்டார். அவர் கத்துவார், இவன் எழுதுவான். ஊர்ப் பிள்ளைகள் இவனுக்கு மைக்கூட்டு மேஜர் என்று பேர் வைத்தார்கள். அவனுக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஜெனரல் பேரில் போகிற ஒவ்வொரு உத்தரவின் அடியிலும் இரண்டு வரி இருக்கும். மேல் வரி, "ஜெனரல் ஹோல்காம் உத்தரவுப்படி." கீழ் வரி, "ஆம்ப்ரோஸ் வின்ஃப்ரி, துணை அட்ஜுடன்ட்." சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி அதை உரக்கப் படிப்பார்கள். படிக்கிறபோது அந்த இரண்டு வரியையும் சேர்த்தே படிப்பார்கள். அதாவது நாலு வருஷமாக ஆயிரக்கணக்கான பேர் காதில் கடைசியாக விழுந்தது என் தம்பியின் பெயர்தான்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

ஆம்ப்ரோஸின் மகள் ஃபீபிக்கு இன்னும் இருபத்தொன்று ஆகவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வந்தவன் சைலஸ் மார்ட்டன். எங்கள் மாவட்டத்துப் பையன்களை வைத்தே அமைத்த படைப்பிரிவில், அந்த ரெஜிமென்ட்டில், ஆம்ப்ரோஸின் மகன் வில்லிஸோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றவன். வில்லிஸ் திரும்பவில்லை. சைலஸ் இடது கை இல்லாமல் திரும்பினான். அவன் மாமா டெக்சஸுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறார், அங்கே மர அறுவை ஆலையில் வேலை. திங்கட்கிழமை கிளம்புகிறார்கள். அதற்குள் கல்யாணம் ஆனால் ஃபீபியும் போகலாம். ஆகாவிட்டால் எப்போது, எப்படி என்று யாருக்கும் தெரியாது. டெக்சஸுக்குப் போனவர்கள் திரும்பி வந்து பெண் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கல்யாண உரிமம் தர நீதிமன்றக் குமாஸ்தா தயார். ஆனால் பெண்ணுக்கு வயது ஆகவில்லையென்றால், தகப்பன் உயிரோடு இருக்கிறபோது தகப்பன்தான் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அத்தை போட்டால் செல்லாது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஃபீபி பேச்சை எடுத்தாள். சோள ரொட்டியும் காராமணியும். பன்றிக்கொழுப்பு ஒரு துண்டு, அது சைலஸ் தட்டில் இருந்தது.

"ஒரே வரிதாம்ப்பா."

"உன் கல்யாணத்துக்கு நான் குறுக்க நிக்கலம்மா. சைலஸ் தங்கமான பையன்."

"அப்ப போடுங்க."

"வேற எது வேணா கேளு. குதிரையை வேணா கொண்டுபோ."

"குதிரை என்னைக் கட்டிக்காதுப்பா."

சைலஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து ரொட்டித்தூள் புரையேறியது. ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கு மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டாலும், இன்னொரு பக்கம் தேவாலய வாசல் ஞாபகம் வந்தது.

"ஏண்டி, அந்தக் கொடிக்குக் கீழ போய் உங்கப்பா கைநீட்டணுமா? அவர் மானம் உனக்குப் பெரிசில்லையா?" என்றேன்.

"நான் கொடியையா அத்தை கட்டிக்கப்போறேன்? இவரைத்தானே?" என்று அவள் வெடுக்கென்று சொன்னாள்.

மறுநாள் பெட்டஸ் வந்தார். கர்னல் பெட்டஸ் என்று சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். ஊர்க்காவல் படைக்குக் கர்னல். எதிரியை ஒரே ஒரு தரம்தான் பார்த்தார், அதுவும் யாங்கிகள் அவர் கோழிகளைப் பிடித்துக்கொண்டு போனபோது ஜன்னல் வழியாக. நாளைக்கு நீதிமன்றத்தில் குமாஸ்தா முன்னால் மேஜர் பேனாவை மறுக்கப்போகிறார் என்று ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. கூட்டம் சேரும் என்றார். அவருக்கு அது திருவிழா.

"மக கல்யாணம் போனாப் போகுது மேஜர், மானம் போகக்கூடாது. நாங்க எல்லாரும் உங்க பின்னாடி நிப்போம்" என்று ஆம்ப்ரோஸ் தோளைத் தட்டினார்.

இவருக்கு மகள் கிடையாது, மகனும் கிடையாது. அந்த நிமிஷம்தான் எனக்குள் ஏதோ புளித்தது. ஆம்ப்ரோஸ் தோளை விலக்கிக்கொண்டான். அவன் மனைவி சூசன்னா, வெண்டைக்காய் விதையை வறுத்துக் காய்ச்சிய காபியை, பாகு ஒரு சொட்டுகூட ஊற்றாமல் பெட்டஸுக்குக் கொண்டுவந்து வைத்தாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

அவர் போனபின் சமையலறையில் நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "பெட்டஸ் ஒரு கோமாளிதான். ஆனா அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆம்ப்ரோஸுக்கு யாங்கி மேல இருக்கற வெறுப்பு" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணி, முன்னறைக்குப் போய் பைபிளைத் திறந்து பாத்துட்டு வாங்க" என்றாள் சூசன்னா.

"எதுக்கு?"

"போய்ப் பாருங்களேன்."

எங்கள் வீட்டுப் பைபிளில் நடுவில் சில பக்கங்கள் குடும்பத்துக்கென்று உண்டு. பிறப்பு, கல்யாணம், சாவு. வீட்டுத் தலைவன்தான் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் தாத்தா எழுதினார், அப்பா எழுதினார், பிறகு ஆம்ப்ரோஸ். பிறப்புப் பக்கத்தில் ஃபீபி இருந்தாள், அடுத்த வரியில் வில்லிஸ். முத்து முத்தான எழுத்து. சாவுப் பக்கத்தைத் திருப்பினேன். கடைசியாக எங்கள் அம்மா பெயர். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பையன் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது.

திரும்பி வந்தேன். சூசன்னா மாவு பிசைந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"பைபிள் யாங்கியோட காகிதமா அண்ணி?"

துடைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் துடைத்தேன்.

அவள்தான் சொன்னாள். சண்டை முடிகிற வாரம், படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஓக்லி பாலத்தில் வண்டிகள் கடக்கும்வரை ஒரு ரெஜிமென்ட் இக்கரையில் நின்று தடுக்கவேண்டும். நிற்பவர்கள் பிழைப்பது சந்தேகம் என்று எல்லோருக்கும் தெரியும். உத்தரவு வந்தது, வரிசையாக நிறுத்திப் படித்தார்கள். அடியில் ஜெனரல் ஹோல்காம் உத்தரவுப்படி, ஆம்ப்ரோஸ் வின்ஃப்ரி. பையன்கள் எல்லோரும் திரும்பி வில்லிஸைப் பார்த்தார்களாம். அவன், "எங்கப்பா எழுதினதுடா. கமாகூட அதது இடத்துல இருக்கும், வேணா பாத்துக்கங்க" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்போடுதான் பாலத்துக்குப் போனார்கள். சைலஸ் இதை சூசன்னாவிடம் போன கோடையிலேயே அழுதுகொண்டே சொல்லியிருக்கிறான்.

"அவர் காய்ச்சலோட வந்து படுத்தாரே, ஞாபகம் இருக்கா? பினாத்தினாரு. 'கடைசியில நிக்கறது நம்ம மாவட்டத்துப் பசங்க, ஜெனரல்.' ராப்பகலா இதே பேச்சு. படை வரிசையில யாரு கடைசியில நிக்கறாங்கன்னு ஜெனரல் கேட்டிருக்காரு. இவரு உண்மையைச் சொல்லியிருக்காரு. அவங்களையே நிறுத்துன்னு அவரு சொல்ல, இவரு எழுதியிருக்காரு."

"வேற ரெஜிமென்ட் பேரைச் சொல்லியிருந்தா?"

"மைக்கூட்டு மேஜர் மகனைக் காப்பாத்திக்கிட்டாருன்னு இதே ஊரு சொல்லியிருக்கும்."

அவள் மாவை ஓங்கி அடித்தாள். எனக்கு என் தம்பிமேல் இரக்கமும், என்மேல் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஒரு வருஷமாக அவன் துக்கத்தை நான் நகை மாதிரி போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போயிருக்கிறேன்.

"உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவரா சொல்லட்டும்னு இருந்தேன்."

"கோவம் இல்லையா சூசன்னா?"

"இல்லாம? அவர் தட்டுல ரொட்டி வெக்கறப்பல்லாம் இருந்துது." அவள் கையை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்துக்கொண்டாள். "ஒரு பிள்ளையைப் பாலத்துல விட்டாச்சு அண்ணி. இன்னொண்ணையும் அங்கயே நிறுத்தி வைக்க நான் விடமாட்டேன்."

சனிக்கிழமை காலை எல்லோரும் வண்டியில் கிளம்பினோம். வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் சூசன்னா அவனை அழைத்தாள். அவனுக்கு இருந்த ஒரே கோட்டு அந்தச் சாம்பல்நிறப் பட்டாளத்துக் கோட்டு. பித்தளைப் பொத்தான்களை யாங்கி ரோந்துக்காரன் போன வருஷமே நடுத்தெருவில் கத்தரித்துவிட்டான். நான் மரப்பொத்தான் தைத்துக் கொடுத்திருந்தேன். அதைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, கடிவாளத்தைப் பிடித்தபடி, வண்டியை ஓட்டிவந்தான்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் இரண்டு மேசை. ஒன்றில் நம் குமாஸ்தா, கல்யாண உரிமங்களோடு. இன்னொன்றில் நீலக் கோட்டு யாங்கி லெப்டினன்ட் ஒருவன், விடுதலையான கறுப்பர்களின் கல்யாணங்களைப் பதிந்துகொண்டிருந்தான். அந்த வரிசை படியிறங்கித் தெருவரை நீண்டிருந்தது. எல்லோரும் இருப்பதில் நல்ல துணியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். வரிசையின் முன்பக்கம் டார்கஸும் அவள் புருஷன் ரூபனும் நின்றார்கள். டார்கஸ் தலையில் இருந்த தொப்பி ஒரு காலத்தில் என்னுடையது. முன்னெல்லாம் என்னைப் பார்த்தால் விலகி வழிவிடுவாள். இப்போது வரிசையில் தன் இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. எனக்குச் சுருக்கென்றது, சொல்லத்தான் வேண்டும்.

"என்ன டார்கஸ், இந்த வயசுல கல்யாணமா?" என்றேன்.

"கல்யாணம் எப்பவோ ஆச்சு லவீனியாம்மா. உங்க தொழுவத்துப் பின்னாடி தொடப்பத்தைத் தாண்டினோமே, அடிமைக்கு அதுதானே கல்யாணம். நீங்ககூட நின்னு சிரிச்சீங்க. காகிதம்தான் இப்ப வருது."

ரூபன் வேறு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டான். நான் வாயை மூடிக்கொண்டு தம்பி பக்கம் போனேன்.

பெட்டஸ் சொன்னது சரிதான், கூட்டம் சேர்ந்திருந்தது. தூணுக்குத் தூண் ஆட்கள் சாய்ந்துகொண்டு நின்றார்கள். குமாஸ்தா சம்மதப் பத்திரத்தைப் படித்துவிட்டு, பேனாவை மையில் தோய்த்து ஆம்ப்ரோஸ் பக்கம் நீட்டினார். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பாத்தியா, போடமாட்டாரு" என்று யாரோ சந்தோஷமாகக் கிசுகிசுத்தார்கள்.

"மேஜர், போடறீங்களா, இல்லையா? மை காயுது" என்றார் குமாஸ்தா.

ஆம்ப்ரோஸ் ஃபீபியைப் பார்த்தான். "என் பேரு நல்ல பேரு இல்லம்மா. உன் கல்யாணத்துல அது வேண்டாம்."

ஃபீபி உதட்டைக் கடித்துக்கொண்டு சைலஸின் காலிச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்துக்கு அவன் சொன்னது புரியவில்லை. ஆனாலும் பெட்டஸ் கைதட்ட ஆரம்பித்தார். சூசன்னா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கைதட்டல் பாதியில் நின்றது.

அவள் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க, ஓக்லி பாலத்து உத்தரவு எனக்குத் தெரியும்."

ஆம்ப்ரோஸ் அவள் பக்கம் திரும்பினான். "எப்பலேர்ந்து?"

"போன கோடைலேர்ந்து. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"வேற ரெஜிமென்ட்டைச் சொல்லியிருக்கலாம் சூசன்னா. ஒரு வார்த்தைதான். ஜெனரல் கண்ணைக்கூட நிமித்தல. நான் எதைச் சொல்லியிருந்தாலும் சரின்னிருப்பாரு."

"சொல்லியிருந்தா வேற ஒருத்தி இங்க நின்னு அழுதுக்கிட்டிருப்பா. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் ஆறல. உங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்ல நான் இங்க வரல. மன்னிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல." அவள் குமாஸ்தா நீட்டியிருந்த பேனாவைக் காட்டினாள். "நாலு வருஷம் யாரோ சொன்னாங்கன்னு கையெழுத்துப் போட்டீங்க. இப்ப நான் சொல்றேன். போடுங்க."

தூண்களில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். லெப்டினன்ட்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"இது உத்தரவா?" என்றான் ஆம்ப்ரோஸ், மெதுவாக.

"உத்தரவுதான்."

அவன் கை முன்னால் வந்தது. பேனாவை வாங்கினான். ஒரு வருஷமாக எழுதாத கை முதல் எழுத்தில் தடுக்கியது, பிறகு பழைய ஓட்டம் வந்துவிட்டது. நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். என் மகள் ஃபீபி, சைலஸ் மார்ட்டனை மணந்துகொள்ள எனக்கு முழுச் சம்மதம். அதன் கீழே ஒரு வரி: "திருமதி சூசன்னா வின்ஃப்ரி உத்தரவுப்படி." அதன் கீழே, "ஆம்ப்ரோஸ் வின்ஃப்ரி."

குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். "இந்த நடு வரிக்குச் சட்டத்துல இடமில்லையே மேஜர்."

"உங்க வீட்டுல உங்க சம்சாரம் சொல்லி நீங்க எதுவும் செய்யறதில்லையா?" என்றேன். லெப்டினன்ட் விழுந்து விழுந்து சிரித்தான். குமாஸ்தா முத்திரையை எடுத்துக் குத்தினார்.

ஃபீபி அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அவ்வளவுதான், மேஜரும் பணிஞ்சுட்டாரு" என்று பெட்டஸ் முணுமுணுத்துக்கொண்டே தொப்பியை எடுத்தார். போகிற போக்கில் அவர் காதில் விழும்படி, "பொண்டாட்டிக்குப் பணிஞ்சாரு கர்னல். உங்களை மாதிரி கோழி பிடிக்க வந்த யாங்கிக்கு இல்ல" என்றேன். எனக்கு அது தேவையாக இருந்தது.

அப்போது, "மேஜர்" என்று ஒரு குரல் கேட்டது.

டார்கஸ். எஜமான் என்றுதான் அவள் வாய்நிறையக் கூப்பிடுவாள். மேஜர் என்று அவள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். இடுப்பிலிருந்து அதே காகிதத்தை எடுத்தாள். பிரித்துப் பிரித்து மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது.

"பேனா கையிலதானே இருக்கு. எனக்கும் ஒண்ணு போடுங்க."

ஆம்ப்ரோஸ் காகிதத்தை வாங்கினான். லெப்டினன்ட்தான் விளக்கினான். டார்கஸின் மகன் ஐசக்கைத் தேடச் சொல்லி விடுதலையானவர்களுக்கென்று அலபாமாவில் யாங்கிகள் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு எழுதலாம். ஆனால் யாருக்கு, எந்த ஊருக்கு விற்கப்பட்டான் என்று விற்றவரே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால்தான் தேட ஆரம்பிப்பார்கள். ஐசக்கை ஆம்ப்ரோஸ் விற்றது சண்டைக்கு இரண்டு வருஷம் முன்னால், புகையிலை பொய்த்துப்போன வருஷம். நாங்கள் அதைப்பற்றி வீட்டில் பேசுவதில்லை.

"உங்க வில்லிஸுக்காக நானும் அழுதேன்" என்றாள் டார்கஸ். "என் பாலைக் குடிச்ச பிள்ளை. ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் என் ஐசக். ஆனா உங்க பேரு அவனை மட்டுமா அனுப்பிச்சு மேஜர்? என் பிள்ளையை அனுப்பின காகிதத்துலயும் அதே பேருதான். அன்னிக்கு யாரு உத்தரவு போட்டா?"

அவள் சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை.  சூசன்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் போடல" என்றான் ஆம்ப்ரோஸ்.

அவன் குமாஸ்தாவின் மேசையிலேயே குனிந்து எழுதினான். வாங்கினவன் பெயர் அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஊர் பெயர் ஞாபகம் இருந்தது. விற்றபோது ஐசக்குக்குப் பன்னிரண்டு வயது என்று எழுதினான். இடது புருவத்தில் தழும்பு, கிணற்றுச் சுவரிலிருந்து விழுந்ததில் ஏற்பட்டது என்று எழுதினான். வில்லிஸும் ஐசக்கும் சேர்ந்து ஏறித்தான் விழுந்தார்கள். இரண்டு பேருக்கும் நான்தான் மருந்து வைத்துக் கட்டினேன். அந்தத் தழும்பை நான் மறந்தே போயிருந்தேன்.

கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. மேல் வரி எழுதும் இடத்தில் கை பழக்கத்தில் போய் அந்தரத்தில் தங்கியது. பிறகு கீழே இறங்கி, பெயரை மட்டும் எழுதியது. மேஜர் என்றுகூடப் போடவில்லை.

டார்கஸ் அந்தக் காகிதத்தை ஃபீபியிடம் கொடுத்தாள். "படிம்மா. சத்தமாப் படி."

ஃபீபி படித்தாள். கூட்டத்தில் பாதி கலைந்திருந்தது, மீதி நின்று கேட்டது. ஐசக்கின் பெயர், வயது, தழும்பு, ஊர், வாங்கியவன். எல்லாவற்றுக்கும் கடைசியில், "ஆம்ப்ரோஸ் வின்ஃப்ரி."

"அதுக்கு மேல வேற யாரு பேரும் இல்லையே?" என்று கேட்டாள் டார்கஸ்.

"இல்ல டார்கஸ். அப்பா பேரு மட்டும்தான்."

டார்கஸ் தலையாட்டினாள். நன்றி என்று சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. மை ஈரம் காயும்வரை காகிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு லெப்டினன்ட்டிடம் கொடுத்துவிட்டு ரூபன் பக்கத்தில் தன் இடத்துக்குப் போனாள். அடுத்தது அவர்கள் முறை.

பாதிரியார் வீட்டிலேயே சைலஸுக்கும் ஃபீபிக்கும் கல்யாணம் முடிந்தது. சாமான் கட்ட அவர்கள் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் வண்டியில் திரும்பினோம். சூசன்னா பின்னால் உட்காராமல் முன்னால் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கோவேறு கழுதை தன் இஷ்டத்துக்கு நடந்தது, யாரும் அதட்டவில்லை.

மேட்டில் ஏறி எங்கள் வீட்டுக் கூரை தெரிந்ததும் சூசன்னா சொன்னாள்.

"பைபிள்ல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"தெரியும்" என்றான் ஆம்ப்ரோஸ். கொஞ்ச தூரம் போனபின், "வீட்டுல மை இருக்கா?" என்று கேட்டான்.

"நேத்தே காய்ச்சி வெச்சுட்டேன்" என்றாள் அவள்.